என் வேலையைச் செய்த வீட்டுக்காரர்

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இந்த வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஏதாவது எழுத வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா ஒரு நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாகக் கேட்கிறார்.

இது நூறு வருடத்துக்கு மேற்பட்ட வீடு. கீழே தூண் வைத்த தமிழ் முற்றம், மாடியில் வளைவு வைத்த பிரெஞ்சு ஜன்னல்கள். சொந்தக்காரக் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். அவர்கள் பிரான்சுக்கே போனபோது சாவியை என்னிடம் கொடுத்து, பின்கட்டு அறையில் இருக்கச் சொன்னார்கள். பதினெட்டு வருடம் பார்த்துக்கொண்டேன். மனைவி இறந்ததும் இங்கேதான்.

பிறகு டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு தம்பதி வீட்டை நீண்ட குத்தகைக்கு எடுத்தார்கள். பல வருடம் தரங்கம்பாடியில் இருந்துவிட்டு, இனி புதுச்சேரிதான் என்று வந்தவர்கள். நோட்டு வைத்திருக்கும் அம்மா இவர்தான்; அவருக்குத் தமிழ் நன்றாக வரும். ஐயாவுக்குச் சிரிப்பு மட்டும் வரும்.

வந்த மறுநாளே ஐயா என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி வாசலைப் பெருக்கினார். அடுத்த நாள் கக்கூஸைக் கழுவினார். மூன்றாம் நாள் ஏணியில் ஏறி ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தார்.

எதிரே இஸ்திரி போடுபவர் விடவில்லை. "இன்னா மாமா, ஒன் வேலைக்கு ஆளு வந்தாச்சு போல! பொட்டிய கட்டிக்க."

"சும்மா இருய்யா" என்றேன். ஆனால் அன்று முதல் அதே நினைப்புதான். உழவர்கரையில் தங்கை வீடு ஒரே அறை, அதில் ஐந்து பேர். இந்த அறை போனால் எனக்கு வேறு இடம் இல்லை. வாய் திறந்து கேட்கவும் கூச்சம். தினம் பதினோரு மணிக்கு அவர்கள் மேசைக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுப்பார்கள். அனுப்புவதற்கு முன்னால் மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து, கதவோரம் நின்றே குடிப்பேன்.

பத்து நாள் பார்த்தேன். பிறகு துணிகளைப் பையில் கட்டி, சாவிக்கொத்தை மேசையில் வைத்தேன்.

"போய்ட்டு வரேம்மா."

"ஊருக்கா? எப்ப வருவீங்க?"

"வரமாட்டேம்மா. எல்லாத்தையும் ஐயாவே செய்றாரு. எனக்கு இங்க இன்னா வேல?"

அம்மா அதை அவர்கள் மொழியில் சொன்னார். ஐயாவின் முகம் சிவந்துவிட்டது. அவர் ஏதோ சொல்ல, அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"எங்க ஊர்ல அவங்கவங்க வீட்ட அவங்கவங்களே பெருக்கணும். அடுத்தவங்கள பெருக்க வுட்டா வெக்கம். நீங்க ஒக்காராம நின்னுகிட்டே காப்பி குடிக்கிறீங்கல்ல, நாம சரியா பெருக்கல, அதான் ஒங்களுக்கு நம்ம மேல கோவம்னு இவரு பத்து நாளா பயந்துட்டிருக்காரு."

"அப்ப... ரூமு?" என்றேன்.

"அது ஒங்க ரூமு. நாங்கதான் இப்ப வந்தவங்க. மழ வந்தா எங்க ஒழுகும், எந்தக் கதவு ஒட்டும்னு ஒங்களத்தான கேக்கணும்?"

ஐயா என் பையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். வாங்கப் பார்த்தேன், கொடுக்கவில்லை. அறைக்குள் போய்க் கட்டிலின் மேல் வைத்துவிட்டு வந்தார்.

இப்போதும் அந்த அறையில்தான் படுக்கிறேன். அதற்கு இருவருக்கும் நன்றி சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தும் வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

10 மார்ச் 2024, ஞாயிறு.