எருமைக்கு ஒரு பின் ஏக்சல்

பழைய கியர் எண்ணெயின் நாற்றத்தை முகராதவர்களுக்கு அதை எப்படி விளங்கவைப்பது என்று தெரியவில்லை; அழுகிய முட்டையை மீன் கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, பக்கத்திலேயே ஒரு ரப்பர் செருப்பையும் கொளுத்திப் போட்டால் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்து சேரலாம், ஆனாலும் கொஞ்சம் குறையும். மற்றவர்கள் தங்கள் சிறுவயதை நினைத்தால் மல்லிகை மணக்கிறது, மழை மணக்கிறது என்று எழுதுகிறார்கள். படிக்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். என் சிறுவயதைத் திறந்தால் அந்தக் கியர் எண்ணெய்தான் குப்பென்று அடிக்கிறது, காரணம், கிள்ளானில் துறைமுகத்துக்குப் போகிற சாலையை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில், எங்கள் வரிசை வீட்டின் முன் போர்ச்சில், ஓர் அமெரிக்கக் கார் நின்றது. நின்றது என்பதுதான் சரியான சொல். ஓடியது என்று எழுதினால் அம்மா இன்றைக்கும் சும்மா விடமாட்டார்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நாள் முழுக்க உயரத்தில் உட்கார்ந்து ஊரார் பெட்டிகளைத் தூக்கி வைத்த மனிதருக்குத் தரையோடு தரையாகச் சீறிப் போகிற ஒன்று தனக்கென்று வேண்டும் என்று தோன்றியதில் தப்பில்லை. தப்பெல்லாம் அவர் தேர்ந்தெடுத்த பிராணியில்தான். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, கறுப்பு நிறம், எவரோ ஒரு பழைய ஈயச் சுரங்க முதலாளி வைத்திருந்து சலித்துப்போய்த் தள்ளிவிட்டது. அம்மா அதற்கு 'எருமை' என்று பெயர் வைத்தார். வரிசையில் இருந்த எல்லா வீடுகளும் அந்தப் பெயரை உடனே ஏற்றுக்கொண்டன.

எருமை பிறந்தபோது அதன் வயிற்றில் ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்ததாம். அப்பா அதைக் கழற்றிவிட்டு எட்டு சிலிண்டர் எஞ்சினைப் போட்டார். முன்னால் பலம் கூடியது. பின்னால் இருந்த ஏக்சலோ, அதாவது எஞ்சினின் பலத்தை வாங்கிப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற அந்த இரும்புத் தண்டு, ஆறு சிலிண்டருக்காகச் செய்த நோஞ்சானாகவே இருந்தது. அப்பா ஆசையாக மிதிப்பார், பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், எருமை படுத்துவிடும். நான் அந்த வயதில் கொஞ்சம் 'சத்தான' பையன். பின்பக்கம் கனமாக இருந்தால் சக்கரம் வழுக்காது என்பது அப்பாவின் சித்தாந்தம் என்பதால், எருமை வெளியே கிளம்பும்போதெல்லாம் என்னையும் பின் இருக்கையில் ஏற்றிக்கொள்வார், மகன் என்பதற்காக அல்ல, மூட்டை என்பதற்காக. ஏக்சல் எனக்கு நேர் கீழே. கசிந்து சூடேறிய அந்த எண்ணெயின் ஆவி நேராக என் மூக்குக்குத்தான் வரும். எருமை எங்கெங்கே படுத்தது என்று அப்பாவுக்கு மறந்துபோயிருக்கலாம். நான் வாந்தியெடுத்த இடங்களை வைத்து, பத்து தீகாவிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும்.

அம்மாவின் கதை வேறு. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே அவரிடம் முறுக்குக்குச் சொல்லிவைக்க ஆட்கள் வரத் தொடங்குவார்கள். எங்கள் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ஃப்ரிட்ஜுக்குள்தான் நிற்க வேண்டும். காற்றோட்டமான போர்ச்சில் பெரிய அடுப்பைப் போட்டுச் சுடலாம் என்றால் அங்கே எருமை. அதன் உறுப்புகள் வீட்டுக்குள்ளும் பரவிக் கிடந்தன: துணி துவைக்கிற பேசினில் பல்சக்கரம் ஊறியது, ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் கறுப்புக் கைரேகை, குளியலறைச் சோப்பில் ஒரு நாளும் போகாத கிரீஸ், அதில் ஒட்டிய முடி. நான் சோப்பே போடாமல் குளித்த காலம் அது. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தான், அதை இங்கே எழுத முடியாது.

ஒரு தீபாவளிக்கு அந்த வாடை முறுக்கிலும் ஏறிவிட்டது. அடுத்த வீட்டு ஆன்டி ஒரு டின்னைத் திருப்பிக் கொண்டுவந்து, கதவருகே தயங்கித் தயங்கி நின்றார்.

"மொறுமொறுன்னு நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா வாயில போட்டா, லோரி பின்னால போற மாதிரி இருக்குலா."

அம்மா அந்த டின்னைத் திறந்து முகர்ந்தார். பிறகு அப்பாவின் மூக்குக்குக் கீழே நீட்டினார். அப்பா ஒன்றை எடுத்துக் கடித்து, "எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார். அவருக்கு எப்படித் தெரியும்?

மறு வருஷம் முறுக்குக்குச் சொல்லிவைக்க வந்தவர்கள் குறைந்துபோனார்கள். அம்மா சண்டை போடவில்லை. சோற்றுத் தட்டை அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு, "போர்ச்சு எனக்கு வேணும்," என்றார். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார். "ஒரே ஒரு ஏக்சல். பலமா ஒண்ணு போடறேன். வண்டி கோயிலுக்குப் போய்ட்டு வந்துரும். வரலன்னா வித்துடறேன், போர்ச்சு ஒனக்கு." அம்மா சரி என்றார். அன்றிலிருந்து அந்த ஏக்சல் ஒடிய வேண்டும் என்று தினமும் சாமி கும்பிட்டது நானும் அம்மாவும்தான், தனித்தனியாக.

ஏக்சல் தேடுகிற படலத்தில் அப்பாவுக்குத் துணை ஞானம் மாமா. சாலாக் செலாத்தானில் இருந்து வருவார், தொழில் வெல்டிங், எதையும் எதனோடும் ஒட்டிவிடுவார், ஒட்டலாமா என்று மட்டும் யோசிக்கமாட்டார். பிரிக்பீல்ட்ஸில் உதிரிபாகம் விற்கிற ஒருவர் நல்லபடியாகத்தான் சொன்னார்: இதே கம்பெனியின் பெரிய காரில் வருகிற ஏக்சலை அமெரிக்காவிலிருந்து வரவழைக்கலாம், கப்பலில் வர மாதக்கணக்கில் ஆகும்; இல்லாவிட்டால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பெரிய கார்களின் ஏக்சலை இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டிச் சுருக்கிப் போடலாம், நல்ல கடைசல்காரர் வேண்டும். அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "ஞானம், நீ லோரி ஏக்சல் ஒடிஞ்சு பாத்திருக்கியா?" என்றார்.

"இல்லண்ணே."

"அவ்ளோதான். பின்னாடி பலமா இருந்தா முன்னாடி தானா போகும்."

இந்த வாக்கியத்தை அவர் அந்த வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

லோரி ஏக்சல் அகலமாக இருந்ததால், ரவாங்கில் பெசி புரோக் என்கிற ஒரு பழைய இரும்புக் கடையில், துருப்பிடித்த இரும்புக் குவியலுக்கு அடியில், ஏதோ பழைய ஜீப்பின் ஏக்சலைக் கண்டுபிடித்தார்கள். தேங்கிய மழைத்தண்ணீரில் எண்ணெய் வானவில்லாக மிதந்தது. நாய் ஒன்று அதைக் குடித்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தது. கடைக்காரச் சீனர் எங்களைவிட நல்ல தமிழ் பேசினார். "அண்ணே, இதுல யானைய ஏத்துனாலும் ஒடியாதுலா." அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், யானைக்குப் பதிலாக. கொடிக்கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்த அளவு சரியாகப் பொருந்தியது. சக்கரம் மாட்டுகிற துளைகளும் பொருந்தின. கயிறு அகலத்தை மட்டும்தான் அளந்தது.

வீட்டுக்கு வந்து எருமைக்கு அடியில் தள்ளியபோதுதான் தெரிந்தது: எஞ்சினிலிருந்து வருகிற தண்டு காரின் வலப்பக்கமாக வந்து நின்றது, ஏக்சலின் உருண்டைத் தலை, தண்டு நுழைய வேண்டிய இடம், இடப்பக்கமாகப் புடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் எண்ணெய்த் தேக்கத்தில் மல்லாந்து படுத்து அதைப் பார்த்தார்கள். காலையில் படுத்தவர்கள் மத்தியானச் சோற்றுக்கும் எழவில்லை. அம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்று, நான்கு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"என்னங்க, வேகலையா? அப்ப தோசய திருப்பிப் போடுற மாதிரி திருப்பிப் போடுங்க."

எரிச்சலில் சொன்ன சொல்.  காருக்கு அடியிலிருந்து ஞானம் மாமாவின் குரல் வந்தது. "அண்ணே... அண்ணி சொல்றது சரிதாண்ணே. கவுத்துப் போட்டா தல வலது பக்கம் வந்துரும்."

அப்பா தவழ்ந்து வெளியே வந்து, முகமெல்லாம் கறுப்பாக, அம்மாவை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இவ்ளோ நாளா ஏன் சொல்லல?"

கவிழ்த்துப் போட்டார்கள். ஞானம் மாமா தாங்கிகளை வெட்டி மறுபக்கம் ஒட்டினார். தண்டு கனகச்சிதமாக நுழைந்தது. காரை முட்டுக்கொடுத்துத் தூக்கி எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தார்கள். பின் சக்கரங்கள் அழகாகச் சுழன்றன, கை தட்டினோம். எந்தப் பக்கமாகச் சுழல்கின்றன என்று ஒருவரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, எருமைக்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டியின் மூக்கு தெருவைப் பார்த்திருந்தது, பின்புறம் எங்கள் ஹாலைப் பார்த்திருந்தது. நான் வழக்கம்போலப் பின் இருக்கையில். அம்மா, தோற்கப்போகிறோம் என்ற முகத்தோடு, சூடம் காட்டினார். அப்பா முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார்.

நான் காரில் உட்கார்ந்தபடியே வீட்டுக்குள் போனேன். இரும்புக் கதவு மடங்கியது, சோபா நகர்ந்தது, முறுக்குக்காகச் சலித்து வைத்திருந்த மாவு அண்டா கவிழ்ந்து கண்ணாடியெல்லாம் வெள்ளையானது. அப்பா பிரேக்கை மிதித்தபோது என் முகத்துக்கு நேராகத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. மாவும் கியர் எண்ணெயும் கலந்து தரையில் ஒரு சாம்பல் கூழ் பரவியது. அதன் நிறத்தைப் பார்த்து எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அம்மா குனிந்து, நசுங்காமல் கிடந்த எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கி முந்தானையில் துடைத்தார். "ஊறுகாய்க்கு ஆகும்," என்றார். அதற்குப் பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஏக்சலைக் கவிழ்த்தால் சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுழலும் என்பது ஞானம் மாமாவுக்கு அப்போதுதான் புரிந்தது. "அண்ணே, இப்ப பின்னால போக நாலு கீரு இருக்கு. யார்கிட்டயும் இல்ல," என்று ஆறுதல் சொன்னார். அப்பா அசரவில்லை. "அப்ப ரிவர்ஸ் போட்டா முன்னால போகும். கோயிலுக்குப் போய்ட்டு வரணும்னுதான பேச்சு? எந்தக் கீர்லன்னு பேசலையே."

"போய்ட்டு வாங்க," என்றார் அம்மா.

போனோம். ரிவர்ஸ் கியரில், முன்னோக்கி, ஆட்டு மந்தையை அறுப்பதுபோன்ற ஓலத்தோடு. சைக்கிள்கள் எங்களை முந்தின. பாசார் முனையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் மீனை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஏக்சலின் காற்றுத் துளை தலைகீழாகிவிட்டதால் எண்ணெய் வழியெல்லாம் ஒழுகி, எங்களுக்குப் பின்னால் தாமான் வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. நான் சீட்டில் தாழ்ந்து தாழ்ந்து, இந்த எடையோடு எவ்வளவு ஒளிய முடியுமோ அவ்வளவு ஒளிந்தேன். அப்பா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கோயில் வாசலை எட்டியபோது ஹார்ன்கூட அடித்தார்.

திரும்பி வருகிற வழியில், எண்ணெய் வற்றிப்போன ஏக்சல் ஒரு பெரிய அலறலோடு இறுகி நின்றது. தள்ளினாலும் நகரவில்லை. அப்பா குனிந்து அடியில் பார்த்தார். "ஒடியலடா. பாத்தியா? ஒடியல." நான் வாயைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? இரண்டு பேரும் நடந்து வந்தோம். 

வீட்டில், கழுவிவிட்ட போர்ச்சில் பெரிய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, முறுக்குப் பிழிய உட்கார்ந்தார். அம்மா அவர் விரலைப் பிடித்து நகத்தைப் பார்த்துவிட்டு, "போய் மறுபடி கழுவுங்க," என்றார்.

எருமையை லோரி வந்து இழுத்துப் போனது. ஏறியபோதும் அது பின்பக்கமாகத்தான் ஏறியது. அந்தப் போர்ச்சு அதற்குப் பிறகு பல தீபாவளிகளுக்கு அம்மாவுடையதாக இருந்தது. இப்போது ரவாங்கின் அந்த இரும்புக் குவியல் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. எந்தக் காருக்கு எந்த ஏக்சல் பொருந்தும் என்று கைப்பேசியில் தட்டினால் படத்தோடு வருகிறது. அருவருப்பே படாமல் ஒரு காரைக் கெடுக்கலாம் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் முடியவில்லை என்று அடுப்பை எடுத்துவிட்டோம். முறுக்கு பிளாஸ்டிக் டப்பாவில் கடையிலிருந்து வருகிறது, ஒரு வாடையும் இல்லாமல், ஒரு ருசியும் இல்லாமல்.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது, காலியாகக் கிடந்த போர்ச்சில் அப்பா மெதுவாக நடந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"அங்க என்ன பண்றீங்க?"

"நடக்கிறேன்லா. டாக்டர் நடக்கச் சொன்னாரு இல்ல?"

நான் அவர் காலைப் பார்த்தேன். சுவரிலிருந்து கேட் வரைக்கும், ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து, உதட்டுக்குள் அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தார்.