இரண்டாம் பாகத்தில் அம்மா

முந்தைய ஷாட்டில் தேநீர்க் கோப்பை எந்தப் பக்கம் இருந்தது, காயத்தில் ரத்தம் எவ்வளவு காய்ந்திருந்தது என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. படப்பிடிப்பில் எல்லோருக்கும் அவள் 'கன்டினியூட்டி'. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். வீட்டிலும் அதே புத்திதான். செருப்பு இடம் மாறிக் கிடந்தால் போதும், யார் வந்தது என்று அக்காவைக் குடைந்தெடுத்துவிடுவாள்.

அந்த அக்கா ஒரு நடிகை. அவளே சொல்லிக்கொண்டால்தான் உண்டு. மனம் பேதலித்த மகளைப் பற்றிய ஒரு திகில் படத்தில் அம்மாவாக வந்து, பாதியிலேயே கட்டிலில் செத்துப்போனாள். படம் சக்கைப்போடு போட்டது. அக்காவைத்தான் அதன்பிறகு ஒரு நாய்கூடச் சீண்டவில்லை. இப்போது இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். அம்மா திரும்பி வருகிறாள் என்பது கதை. அக்கா சாப்பாட்டையும் மறந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை விவாதத்தில் தயாரிப்பாளர் முட்டுக்கட்டை போட்டார். "செத்தவ எப்படிய்யா வருவா? ஜனங்க கிழிச்சிருவாங்க."

டைரக்டர் கன்டினியூட்டியிடம் திரும்பினார். "அந்தம்மா செத்தாங்களா இல்லையா? நீதாம்மா சொல்லணும்."

முதல் பாகத்துக்கும் அவள்தான் கன்டினியூட்டி. அந்தச் சாவு ஷாட்டில் நிஜக் காய்ச்சலோடு படுத்திருந்த அக்காவால் மூச்சை அடக்க முடியவில்லை. வேறு யாராவது என்றால் இன்னொரு டேக் கேட்டிருப்பாள். அக்கா என்பதால் கண்டும் காணாமல் விட்டாள்.

"சாகல சார். மூச்சு விடுறாங்க. போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார்கள். போர்வை லேசாக ஏறி இறங்கியது. டைரக்டர் துள்ளிக் குதித்தார். அம்மா சாகவே இல்லை, செத்ததாக மகள்தான் நினைத்துக்கொண்டாள்! தயாரிப்பாளரும் வழிக்கு வந்தார். வந்த கையோடு, அந்த வேஷத்துக்குப் பெரிய நடிகை யாரையாவது போடலாம் என்றார்.

"முகம் மேட்ச் ஆகாதே சார்!" கிட்டத்தட்ட அழுதேவிட்டாள்.

"அதான் இன்னும் பயமா இருக்கும்," என்றார் டைரக்டர். "புத்தி கலங்கின பொண்ணு கண்ணுக்கு அம்மா முகமே மாறித் தெரியுது. இதுல போயி கன்டினியூட்டி பாக்காதம்மா."

அக்காவின் குரல், நடை, கன்னத்து மச்சம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக் கெஞ்சினாள். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

மாடிப்படியில் இறங்கும்போது போன் அடித்தது. அக்காதான்.

"என்னடி ஆச்சு? நான் செத்தேனா இல்லையா? சீக்கிரம் சொல்லு, படபடன்னு வருது."

"சாகலக்கா."

"அப்போ ரெண்டாம் பாகத்துல நான் வரேன்ல?" அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையுமாகக் குரல் உடைந்தது.

"அம்மா வராங்கக்கா," என்றாள். "நீ வரல."