தொம்மை இழுத்த கயிறு

இது நடந்தது. நம்பாதவன் தருவைகுளம் போய் ஜெனோவின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு வரட்டும். தடம் இன்னும் இருக்கிறது.

ஜெனோவின் அப்பன் தொம்மை சங்கு குளித்தவன். கடலடியில் மூச்சு முட்டினால் இடுப்புக் கயிற்றை இரண்டு தரம் இழுப்பான். தோணியில் இருப்பவன் தூக்கிவிடுவான். தொம்மைக்குத் தொண்டையில் புற்று வந்து, முற்றி, பேச்சும் போயிற்று. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தொம்மை ஒரு நைலான் கயிற்றைத் தன் கையில் கட்டி, மறுமுனையை மகனிடம் நீட்டினான். இரண்டு இழுப்பு என்றால் வலி. மாத்திரை கொடு.

மாத்திரை மார்ஃபின். வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் ஸ்டெபி, நேரம் தவறாமல் கொடுக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பேச்சில் முக்கால்வாசி புளுகு. இது புளுகில்லை. ஆனால் துறைமுகத்தில் நாலு கன்டெய்னருக்குப் பேப்பர் பார்த்த ஜெனோவுக்கு எல்லாம் தெரியுமாம். போனில் எவனோ அனுப்பியதைப் படித்துவிட்டு மாத்திரையை அலமாரியில் பூட்டினான்.

"அப்பாவ கஞ்சாக்காரன் மாதிரி ஆக்கச் சொல்லுதியா?"

"சாகப்போற மனுசனுக்கு என்ன பழக்கம்ணே வந்துரப் போவுது?" என்றாள் ஸ்டெபி.

அவள் போனதும் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்தான், மகராசன்.

ஒரு ஞாயிறு. தூக்கம் கெடுகிறதென்று ராத்திரியே கயிற்றைக் கழற்றிப் போட்டிருந்தான். பூசைக்குப் போனான். பரோட்டா வாங்கி வந்தான். அப்பனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றைக் கையில் மாட்டிக்கொண்டு முன்னறையில் சாப்பிட உட்கார்ந்தான்.

இரண்டு இழுப்பு.

"சும்மா கெடங்கப்பா."

மறுபடி இரண்டு. சால்னா சட்டையில் சிந்தியது. எரிச்சலில் கயிற்றை அவிழ்த்து ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் படுத்தான்.

சர்... சர்... கம்பியில் கயிறு உரசியது.

நின்றது.

பிறகு அவன் மணிக்கட்டு இழுபட்டது.

பார்த்தான். கையில் கயிறு இல்லை. தோல் மட்டும் வட்டமாகக் குழிந்திருந்தது...

மறுபடி இரண்டு.

உள்ளே ஓடினான்.

அப்பன் கண் திறந்தபடி கிடந்தான். மூச்சு இல்லை.

ஸ்டெபி வந்தாள். தொம்மையின் முழங்கையை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை.

"இப்பத்தான் இழுத்தாரு," என்றான் ஜெனோ.

"விடியுமுன்னமே உசுரு போயிட்டுண்ணே. கை வெறச்சு எம்புட்டு நேரமாச்சு..."

பிரிக்காத மாத்திரை அட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கயிற்றையும் தொம்மையோடு சவப்பெட்டிக்குள் வைத்துப் புதைத்தாயிற்று.

இன்றும் ஜெனோ சாப்பிட உட்கார்ந்தால் இழுக்கிறது. இரண்டு இழுப்பு.

கொடுக்க அவனிடம் மாத்திரை இல்லை.