ஹார்ட்முட் போட்ட பென்சில் கோடு

ஹார்ட்முட் எகெர்ட் முப்பத்தைந்து வருடம் ராய்ட்லிங்கன் வட்டாரத்துக் கறிக்கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவர். ஐந்து கிராம் பிசகினால் கடைக்காரர் தலைகீழாக நின்றாலும் விடமாட்டார். ஓய்வு பெற்றதும் சோதிக்க ஒன்றுமில்லாமல் மனிதர் தவித்துப்போனார். பிறகு வரவேற்பறைக்கு ஒரு ஸ்டீரியோ வந்தது. தவிப்பு தீர்ந்தது, அவருக்கு மட்டும்.

பாட்டுக் கேட்பதற்காக அதை வாங்கியதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. உள்ளே வரும் ஒலிக்கு வலுவேற்றும் கெயின் குமிழைக் கூட்டினால் ஒலி கரகரக்கும். குறைத்துவிட்டு வால்யூமை ஏற்றினாலோ பின்னணியில் இரைச்சல் கிளம்பும். இரண்டுக்கும் நடுவில் சரியான இடம் ஒன்று உண்டு. அதைத் தேடுவதே அவருக்கு ஞாயிற்றுக்கிழமை. வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். அதைத் தாண்டினால் அடுத்த வீட்டுக்குத் தொந்தரவு. பன்னிரண்டு வருடத்தில் கீழ்வீட்டு ஷ்டெல்லர் அம்மாள் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஒருமுறைகூடத் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டியதில்லை. பதவியில் வாங்கிய பாராட்டுகளைவிட இதில்தான் அவருக்குப் பெருமை.

மனைவி கெர்லிண்ட் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தாள். 'அங்கே எதிரொலி அதிகம்' என்று அவர் ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. அந்தக் கோடையில் குழு ஒரு சி.டி. வெளியிட்டது. நான்காவது பாட்டில் எட்டு வரி கெர்லிண்ட் தனியாகப் பாடியிருந்தாள். அதை அவரிடம் மூச்சுவிடவில்லை. குரலைக் கேட்டு அவராகவே கண்டுபிடிக்கிறாரா, பார்ப்போம் என்று இருந்தாள். நாற்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இந்த ஆசைகூட வரக்கூடாதா என்ன?

ஞாயிறு மூன்று மணி. யாரும் சத்தம் போடக்கூடாத மதிய அமைதி நேரம் முடிந்ததும் வேலை தொடங்கியது.

"எந்திரி கெர்லிண்ட். நீ சோஃபாவுல உக்காந்தா சத்தத்தை உறிஞ்சிடறே."

"நான் என்ன பஞ்சு மூட்டையா?"

"நான் சொல்லல. சத்தம் அளக்கிற மீட்டர் சொல்லுது."

அவள் பிளம் கேக் தட்டோடு சமையலறை வாசலில் போய் நின்றாள். நாற்பது நிமிடம் 'ஷ்ஷ்' என்று சோதனை ஒலி ஓடியது. அதன் பிறகுதான் சி.டி.க்கு வழி பிறந்தது. முதல் பாட்டில், "ரொம்பக் கம்மியா பதிஞ்சிருக்கான், பேமானி!" என்று கெயினை ஏற்றினார். இரண்டாவதில் இறக்கினார். மூன்றாவதில் மறுபடி ஏற்றினார்.

நான்காவது பாட்டு. கெர்லிண்ட் வாசலிலிருந்து ஓரடி முன்னே வந்தாள். அவள் குரல் தனியாக எழும்பியது. ஹார்ட்முட் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழேயிருந்து டொக், டொக்.

அவர் முகம் செத்துப்போயிற்று. குமிழைத் திருப்பிக் குறைத்தார். இன்னும் பலமாகத் தட்டல். இன்னும் குறைத்தார். மறுபடியும் தட்டல். அடியோடு நிறுத்திவிட்டார். பன்னிரண்டு வருடப் பெருமை போயிற்று.

அழைப்புமணி அடித்தது. துடைப்பமும் கையுமாக ஷ்டெல்லர் அம்மாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா, கோட்டைத் தாண்டிடுச்சு. பதிஞ்சவன் தப்பு."

"என்ன கோடு? ஏத்துங்கன்னுல்ல தட்டினேன்! பன்னெண்டு வருஷமா உங்க வீட்லேருந்து ஆவி போற சத்தந்தான் கேக்குது. போனாப் போகுதுன்னு பொறுத்துக்கிட்டேன். இன்னிக்குத்தான் பாட்டுன்னு ஒண்ணு வந்துச்சு, அதையும் அமுக்கிட்டீங்களே!" கெர்லிண்டைப் பார்த்தாள். "பாடினது நீங்கதானே?"

ஹார்ட்முட் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எது?" என்றார்.

கெர்லிண்ட் ஸ்டீரியோவிடம் போனாள். சி.டி.யை வெளியே எடுத்து ஷ்டெல்லர் அம்மாள் பக்கம் திரும்பினாள்.

"உங்க வீட்ல இதைப் போட ஏதாச்சும் இருக்கா?"

"சமையல்கட்டுல ஒரு பழைய பெட்டி இருக்கு. ஒரு ஸ்பீக்கர்தான் பாடும்."

"போதும்."

கேக்கையும் எடுத்துக்கொண்டு இருவரும் இறங்கிப் போனார்கள். ஹார்ட்முட் நின்ற இடத்திலேயே நின்றார். வெட்கத்தில் காது சுட்டது. சற்று நேரத்தில் தரைக்கு அடியில் ஏதோ முனகியது. கம்பளத்தை விலக்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படுத்து, தரையில் காதை வைத்தார். எட்டு வரியில் கடைசி இரண்டு கிடைத்தன. கெர்லிண்டேதான். சந்தேகமே இல்லை.