ஜியு-ஜிட்சு நடுவர் பயிற்சியில் நான் கொடுத்த நாலு பாயிண்ட்

இப்படித்தான் ஆகும் என்று காலையிலேயே வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

கொடைக்கானலில் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்கிற மல்யுத்தத்துக்கு நடுவர் பயிற்சி. தேறினால் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு நான்தான் நடுவர்.

பயிற்சிக்காக இரண்டு பேரை மோதவிட்டார்கள். அதில் பாச்சலூர்க்காரர் எதிராளியைச் சாய்த்து வயிற்றில் ஏறி உட்கார்ந்தார். உடனே நாலு விரலைத் தூக்கினேன். அதற்குள் கீழே கிடந்தவர் அவரைப் புரட்டிவிட்டார்.

பயிற்சி தரும் அம்மா வந்தார். "அங்கிள், மூணு செகண்ட் பிடிச்சு வச்சாத்தான் பாயிண்ட். எண்ணுனீங்களா?"

"எண்ணுனேம்மா. நான் கொஞ்சம் வெரசா எண்ணுவேன்."

முப்பது வருடம் கபடிக்கு விசில் ஊதியவனிடம் கேட்கிற கேள்வியா இது?

கடைசியில், "உங்களுக்குக் கழுகுக் கண்ணுங்க, ஞாயித்துக்கெழம நீங்கதான் நடுவர்" என்றார்.

சரி, அது மட்டும் நான் சேர்த்தது. அவர் சொன்னது, "ஞாயித்துக்கெழம மேசையில ஒக்காந்து டைம் பாத்துக்கோங்க."

எண்ணுனீங்களா என்று கேட்டவரே கடிகாரத்தை என்னிடம் கொடுக்கிறார். போகவா, வேண்டாமா?