ஒன்று ஓடினால் ஒன்று நிற்கும்

எங்கள் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர். கேட்பவர்கள் நான் ஏதோ பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள், நானும் மறுப்பதில்லை. ஒன்று மகளுடைய லேப்டாப். டிப்ளமோ படிக்கிறாள், சாயங்காலம் ஆன்லைனில் வகுப்பு. இன்னொன்று மனைவிக்காகப் பழைய சாமான் கடையில் வாங்கியது, ஏதோ ஆபீசில் உழைத்துக் களைத்து வந்த பெட்டி. ஒரகடத்தில் மோல்டிங் மெஷின் ஓட்டும் நான் இரண்டில் எதையும் தொடாமல் இருந்திருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

மனைவி ஒயரிங் கம்பெனி லைனில் நின்றே வேலை செய்தவள். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகிவிட்டது. நிற்கக் கூடாது என்றார் டாக்டர். லைனிலோ உட்கார ஸ்டூல் கிடையாது. சம்பளமில்லாத லீவில் கிடந்தபோது வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்று அமைந்தது. பொருள் வாங்கியவர்கள் குறை எழுதி அனுப்புவார்கள், இவள் பதில் டைப் செய்ய வேண்டும். முதலில் கொஞ்ச நாள் டிரையல். நடுவில் நெட் அறுந்து அறுந்து போனால் வேலை கிடையாது என்று அந்தப் புது வேலையின் சூப்பர்வைசர் அம்மா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அப்படிப் போனால் லீவு முடிந்ததும் மறுபடி லைனில் போய் நிற்க வேண்டியதுதான்.

வாங்கி வந்த பெட்டியில் நெட் வரவில்லை. வைஃபை பெயர் காட்டியது, பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டது, அதற்குமேல் ஒன்றும் திறக்கவில்லை. நெட் போட்டுக்கொடுத்தவருக்குப் போன் செய்தால் படப்பையில் இருக்கிறேன், வந்துவிடுகிறேன் என்றார். அவர் எப்போது கேட்டாலும் படப்பையில்தான் இருப்பார். நாமும் மெஷின் பார்க்கிறவன்தானே என்று நானே உட்கார்ந்தேன்.

எங்கள் ஷாப்பில் ஒரே பார்ட் ஓட்டும் மெஷின்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் பீஸ் சரியாக வரவில்லை என்றால் யோசிக்கவே மாட்டோம். நன்றாக ஓடுகிற மெஷினின் திரையைப் பார்த்து, அதிலிருக்கும் சூடு, பிரஷர், நேரம் எல்லாவற்றையும் அப்படியே இதில் ஏற்றுவோம். பீஸ் சரியானதும் யாரும் கை வைக்காதபடி லாக் செய்துவிடுவோம். பள்ளிக்கூடமும் நானும் எட்டாவதிலேயே ஒத்துவராமல் பிரிந்துவிட்டோம். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் இதுதான்.

மகளின் லேப்டாப்பில் நெட் விவரம் காட்டும் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். நடுவில் புள்ளி வைத்த நம்பர்கள் வரிசையாக இருந்தன. பெட்டியிலும் அதே மாதிரி ஒரு பக்கம், அதில் வேறு நம்பர்கள், பழைய ஆபீசில் போட்டதாக இருக்கும். அவற்றை அழித்துவிட்டு லேப்டாப்பில் இருந்ததை ஒரு எண் பிசகாமல் ஏற்றினேன். பிறகு எதுவும் நகர்ந்துவிடக் கூடாதே என்று லேப்டாப்பிலும் அதே நம்பரைக் கையால் போட்டு நிறுத்தினேன். லேப்டாப்பை மூடிவிட்டுப் பெட்டியைத் திறந்தால், செம்பரம்பாக்கம் மதகைத் திறந்தது போல நெட் பாய்ந்தது. அன்றைக்கு முழுக்க நான் நடந்த நடையைப் பார்த்து மகளே சிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் மனைவி டைப் செய்துகொண்டிருக்கும்போது மகள் வகுப்புக்காக லேப்டாப்பைத் திறந்தாள். நெட் இல்லை. ஊரே செய்வதை அவளும் செய்தாள்: வைஃபை டப்பாவை அணைத்துப் போட்டாள். மனைவியின் லைன் அறுந்தது. டப்பா உயிர் பெற்றதும் லேப்டாப் ஓடியது, பெட்டி ஓடவில்லை. உடனே மனைவி எழுந்துபோய் டப்பாவை அணைத்துப் போட்டாள். அதற்கடுத்த நாட்களில் வீட்டில் குழாயடிச் சண்டைதான். முந்தியவளுக்கு நெட், பிந்தியவளுக்கு எரிச்சல்.

நான் சும்மா இருக்கவில்லை. டப்பாவை பீரோ மேலிருந்து பரணுக்கு மாற்றினேன். அதன் கொம்புகளைத் துணியால் துடைத்தேன். எதுவும் பலிக்காததால் மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் மேல் சந்தேகம் வந்தது. போய் விசாரித்தேன். அதில் ஒருவன் படுத்தபடியே பதில் சொன்னான்.

"எண்ணே, போன்ல இருக்க டேட்டாவே தீராம கெடக்கு. ஒங்க பாஸ்வேர்ட நீங்கதான் மாடிப்படில நின்னு சத்தமா சொல்லுதீய. எடுக்கணும்னா என்னைக்கோ எடுத்திருப்போம்லா."

கீழே வந்தபோது மனைவி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை லைன் அறுந்தால் டிரையல் அத்தோடு முடிந்தது என்று சூப்பர்வைசர் அம்மா அனுப்பியிருந்தார். அவள் என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் காலை நீட்டி முழங்காலுக்குக் கீழே தடவிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் அவள் வேலை தொடங்க இன்னும் நேரம் இருந்தது. பக்கத்தில் லேப்டாப் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. நான் பெட்டியைப் போட்டேன். திரையின் மூலையில் சின்னதாக ஒரு கட்டம் இங்கிலீஷில் எழும்பியது. வழக்கம்போல மூடினேன்.

"இன்னாய்யா அது, மூடிட்ட?"

"விளம்பரம்மே. தெனம் வருது, நானும் தெனம் மூடிக்கினு கீறேன்."

அவள் ப்ளஸ் டூ படித்தவள். பெட்டியை அணைத்துப் போடச் சொல்லி, அந்தக் கட்டம் மறுபடி எழும்பும்வரை காத்திருந்து, விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். இந்த நம்பரை வேறொரு கம்ப்யூட்டர் ஏற்கனவே வைத்திருக்கிறது என்று எழுதியிருந்ததாம். நம்பரைப் போட்டது யார் என்று கேட்டாள். நன்றாக ஓடுகிற மெஷினின் நம்பர், இரண்டிலும் நானே லாக் செய்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"ரெண்டு வூட்டுக்கு ஒரே டோர் நம்பர் எழுதி வெச்சா, பார்சல்காரன் எந்த வூட்டாண்ட போவான்?"

"மொதல்ல எவன் கதவத் தொறக்குறானோ அவனாண்ட."

"அதான் நடந்துக்கினு கீது."

நான் போட்ட நம்பர்களை மகள் இரண்டிலும் எடுத்துவிட்டாள். நம்பரைத் தானே வாங்கிக்கொள் என்று ஒரு இடத்தில் குறித்தால் போதுமாம். டப்பாவே ஆளுக்கொரு நம்பர் கொடுத்துவிடுமாம். கொடுத்தது. கடைசி எண் மட்டும் வேறு வேறாக இருந்தது. மனைவி வேலையில் உட்கார்ந்தாள், பக்கத்திலேயே மகள் வகுப்பில் உட்கார்ந்தாள். முதல் பீஸுக்குக் காத்திருக்கும் ஆபரேட்டர் மாதிரி நான் நடுவில் நின்றேன். இரண்டும் ஓடின. ஏதாவது செய்யலாமே என்று டப்பாவைப் பரணிலிருந்து இறக்கக் கையை நீட்டினேன். ரெண்டு பேரும் ஒரே குரலில் கை வைக்காதே என்றார்கள்.

டிரையல் முடிந்து, வேலை நிச்சயம் என்று செய்தி வந்தது. பழைய கம்பெனியில் ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்க அவளை வண்டியில் கூட்டிப்போனேன். வேலை முடிந்து வெளியே வந்தபோது, கேட்டில் வெயிலில் நின்றிருந்த செக்யூரிட்டி ஏன் வேலையை விடுகிறாய் என்று கேட்டார். உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்திருக்கிறது என்றாள். ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டார். எடுக்கிறார்கள், நெட் அறுந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றாள். அதைப் பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்று அவர் விடாமல் கேட்டார்.

அவள் வண்டியில் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஆள் கீதுண்ணா. கிட்ட வுடறதில்ல."