மெஷின் நின்றதும் எழுந்த என் வீட்டுக்காரர்

இன்று பாண்டியில் மகளுக்கு எம்ஆர்ஐ ஸ்கேன். ஏழு வயது. தலைவலி விடவே இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது.

"பாப்பா ஆடாம படுக்கணும்ங்க. ஆடினா இன்னொரு நாள் மயக்க மருந்து கொடுத்துதான் எடுக்கணும்" என்றார் ஸ்கேன் எடுக்கும் பெண்.

துணைக்கு ஒருவர் உள்ளே இருக்கலாம், ஆனால் உடம்பில் உலோகம் எதுவும் கூடாது. என் மெட்டி சோப்புத் தண்ணீருக்கும் கழலவில்லை. வீட்டுக்காரர் வெள்ளி அரைஞாணை என் கையில் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற எஞ்சினைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அது ஓடும்போது பக்கத்திலேயே தூங்குவார். நின்றால்தான் எழுவார்.

ஸ்கேன் மெஷின் தடதடவென்று ஆரம்பித்தது. கண்ணாடித் தடுப்பு வழியாக எட்டிப் பார்த்தேன். மகள் அசையவே இல்லை. அவள் கால்மாட்டில் இருந்த நாற்காலியில் இவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.

எல்லாம் முடிந்து சத்தம் அடங்கியதும் பதறி எழுந்தார். "ஏம்பா, எஞ்சின் ஏன் நின்னுடுச்சு?"

வெளியே வந்த மகளிடம் கேட்டேன். "எப்டிடி ஆடாம இருந்த?"

"தலைக்கு மேல குட்டி கண்ணாடி இருந்துதும்மா. அதுல அப்பா தூங்குறது தெரிஞ்சுது. ஆடினா எழுந்துடுவாருன்னு அப்படியே படுத்துட்டேன்."

படம் பார்த்த டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

இத்தனை வருஷமாக இவரை எழுப்ப அலாரம் வைத்துத் தோற்றிருக்கிறேன். நாளைக் காலையில் ஃபேனை நிறுத்தப் போகிறேன். உங்கள் வீட்டில் எதை நிறுத்தினால் எழுகிறார்கள்?